அடுப்பை அணைப்பது யாருடைய வேலை?



இந்த வார எபிசோடில் வயசானவங்களுக்கான டெக்னாலஜி பற்றிப் பேசிக்கொண்டே வந்தோம். சமையலறை வாசலுக்கு வரும்போது நேரம் முடிஞ்சுபோச்சு. மீதியை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. உங்க வீட்டுச் சமையலறையில் தானாக நிற்கும் சாதனங்கள் எவை? நாம் போய் நிறுத்தினால்தான் நிற்பவை எவை? ஷார்ஜாவில் எங்க ஃப்ளாட்டில் எண்ணிப் பார்த்தேன். கெட்டில், ரைஸ் குக்கர், டோஸ்டர், மைக்ரோவேவ் நாலும் தானாக நிற்கும். கேஸ் அடுப்பு, வெட் கிரைண்டர், தண்ணீர்க் குழாய் மூன்றும் நிற்காது. பிரஷர் குக்கர் விசில் அடித்துக் கூப்பிடும், ஆனால் நாம் போகணும். இந்த இரண்டாவது பட்டியல் முழுக்க ஒரே ஒரு நம்பிக்கையில் ஓடுகிறது: போட்டவருக்கு, போட்டது ஞாபகம் இருக்கும்.

டிமென்ஷியா வந்த ஒருவரிடம் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது அந்த ஞாபகம்தான்.

இது நம்ம தலைமுறைக்கு ஏன் முக்கியம்? இந்தியா முழுக்க நடத்திய லாசி-டாட் ஆய்வின் கணக்கு 2023-இல் வெளியானது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்பது அதன் மதிப்பீடு. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். நம்ம வீடுகளில் அடுப்படியில் அதிக நேரம் நிற்பது யார் என்று யோசிச்சா, இந்தக் கணக்கு சட்டென்று வீட்டுக்குள் வந்துவிடும். வளைகுடாவில் வளர்ந்த நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வேலை முடிந்தால் பெரும்பாலான அப்பா அம்மா ஊருக்குத் திரும்பிவிடுவாங்க. நாம் துபாயிலோ தோஹாவிலோ இருப்போம். அவங்க மதுரையிலோ தஞ்சாவூரிலோ தனியாக ஒரு அடுப்போடு இருப்பாங்க.

எது போகிறது, எது நிற்கிறது

டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் இல்லை, பல நோய்களால் வரும் ஒரு நிலை. அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர். இதில் ஆரம்பத்திலேயே அடிபடும் இடங்களில் ஒன்று மூளையின் ஹிப்போகாம்பஸ். புது நிகழ்வுகளைப் பதிவு செய்வதில் அதற்குப் பெரிய பங்கு. அதனால் பத்து நிமிஷம் முன்னாடி நடந்தது பதியாது. ஆனால் கை பழகின வேலைகள் மூளையின் வேறு பகுதிகளை நம்பி இருக்கின்றன. அவை ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும்.

எங்க ஆச்சி, அம்மாவோட அம்மா, எங்களோட ஷார்ஜாவில் எட்டு மாசம் இருந்தாங்க. அப்போ நோய் ஆரம்பக் கட்டத்தைத் தாண்டியிருந்தது. இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாது. ஆனால் எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்கத் தெரியும். கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டதும் கை தானாக உளுந்தம்பருப்பை அள்ளும். வெங்காயம் நறுக்கினால் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். ஆனால் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தால் போச்சு. அடுப்பில் பருப்பு இருப்பது மறந்துபோகும் என்று சொன்னால்கூடச் சரியில்லை, அது பதியவே இல்லை.

சமைக்கத் தெரியாமல் போகவில்லை பாருங்க. சமையலின் நடுவில் வருகிற காத்திருப்பைத்தான் தாங்க முடியவில்லை.

நம்ம பாஷையில் சொன்னா, பிரஷர் குக்கரில் மூன்று விசில் என்பது ஒரு கவுன்ட்டர். அந்த எண் குக்கரில் எங்கேயும் இல்லை, ஆச்சி மண்டையில் இருக்கு. ரெண்டாவது விசிலுக்கும் மூணாவது விசிலுக்கும் நடுவில் யாராவது காலிங் பெல் அடித்தால் எண் அழிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், குக்கரை வடிவமைத்தவர்கள் ஆபத்தைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள். மூடியில் ஒரு உலோக சேஃப்டி வால்வு இருக்கும். தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறினால் அது உருகி ஆவியை வெளியே விடும். வெடிக்காமல் இருக்க வழி செய்தாங்க. கீழே எரிகிற அடுப்பு மட்டும் எரிஞ்சுகிட்டே இருக்கும்.

1955-இல் பிறந்த இரண்டு நல்ல மெஷின்கள்

நிறுத்தும் வேலையை மனுஷன் தலையிலிருந்து மெஷினுக்கு மாற்றியதற்கு நல்ல உதாரணம் நம்ம எல்லார் வீட்டிலும் இருக்கு: ரைஸ் குக்கர். வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போன அட்டைப்பெட்டிகளில் நேஷனல் ரைஸ் குக்கர் ஒரு காலத்தில் தவறாமல் இடம் பிடித்த பொருள். உங்க அப்பாவும் ஒன்று தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

சந்தையில் வெற்றி பெற்ற முதல் தானியங்கி மின்சார ரைஸ் குக்கரை டோஷிபா 1955 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருவாக்கியவர் யோஷிதாதா மினாமி. சோறு எப்போ வெந்தது என்று கண்டுபிடிக்க, அடுப்பில் மாற்றி மாற்றிச் சோறாக்கி அளந்து பார்த்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. அவர்கள் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிது. வெளிப் பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீர். அது ஆவியாகி முடிய சுமார் 20 நிமிடம். தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வற்றியதும் சட்டென்று ஏறும். ஏறினதும் உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு வளைந்து சுவிட்சைத் துண்டிக்கும்.

பின்னாடி வந்த ஒற்றைப் பாத்திர குக்கர்களில் அடியில் ஒரு காந்தம் இருக்கும். அரிசி தண்ணீரை உறிஞ்சி முடித்ததும் பாத்திரத்தின் அடி 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டும். அந்தச் சூட்டில் காந்தம் தன் இழுவிசையை இழக்கும்படி உலோகக் கலவையைத் தேர்ந்தெடுத்திருப்பாங்க. ஸ்பிரிங் தள்ளும், நெம்பு 'டக்' என்று மேலே வரும். சிப் இல்லை, வைஃபை இல்லை, ஆப் இல்லை. தண்ணீர் ஊற்ற மறந்தால்கூட சூடு சீக்கிரம் ஏறி அதுவே நின்றுவிடும். தப்பு நடந்தாலும் பெரிய சேதமில்லை.

அதே 1955-இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல் ஹாப்ஸ் கம்பெனி கே1 என்ற மின்சார கெட்டிலைக் கொண்டுவந்தது. தண்ணீர் கொதித்தால் தானாக நிற்கும். அங்கேயும் ஒரு இரட்டை உலோகத் தகடு, கொதிக்கிற ஆவி அதன்மேல் பட்டால் வளையும்.

இந்த இரண்டையும் டிமென்ஷியாவை மனசில் வைத்து யாரும் செய்யவில்லை. ஆனாலும் இந்த வடிவமைப்பின் முதல் விதி இவற்றில் இருக்கு: தொடங்குவது மனுஷன், முடிப்பது மெஷின்.

'கண்ணாடிதானே இருக்கு, அடுப்பு எங்கே?'

ரெண்டாவது விதியை அதே கெட்டில் சொல்லிக்கொடுக்கிறது, இந்தத் தடவை கெட்ட உதாரணமாக. டிமென்ஷியா உள்ளவர்கள் மின்சார கெட்டிலை எடுத்து எரிகிற கேஸ் அடுப்பில் வைத்துவிடுவது, பராமரிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் விஷயம். அடி பிளாஸ்டிக், உருகித் தீப்பிடிக்கும். பைத்தியக்காரத்தனம் மாதிரித் தெரியும். யோசிச்சுப் பாருங்க, அறுபது வருஷமாகக் கைப்பிடியும் மூக்கும் உள்ள பாத்திரம் அடுப்பின் மேல்தான் போயிருக்கு. கை தனக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் செய்தது. பொருளின் உருவம்தான் பொய் சொன்னது.

எங்க ஃப்ளாட்டுக்கு முன்னாடி இருந்த பில்டிங்கில் டச் பேனல் வைத்த எலக்ட்ரிக் ஹாப். முதல் நாள் ஆச்சி அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "கண்ணாடிதானே இருக்கு, அடுப்பு எங்கே?" கறுப்புக் கண்ணாடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். தீ இல்லை, திருகு இல்லை, சத்தம் இல்லை. எரிகிறதா இல்லையா என்று கண்ணுக்குச் சொல்லும் எதுவுமே இல்லை.

இன்டக்‌ஷன் அடுப்பின் கதையும் இதுதான். பாதுகாப்பைப் பார்த்தால் அருமையான சாதனம். பாத்திரத்தை எடுத்தால் சூடாக்குவது நிற்கும். பெரும்பாலான மாடல்கள் ஒரு நேரத்துக்குமேல் தானாக அணையும். கரண்ட் போய் வந்தாலும் பொதுவாக அணைந்தபடியே இருக்கும். ஆனால் காந்தம் ஒட்டும் தட்டையான அடிப் பாத்திரம் வேண்டும். ஆச்சியின் மண்சட்டியும் ஈயம் பூசின பித்தளைப் பாத்திரமும் அதில் வேலை செய்யாது. ஏழெட்டு பட்டன்களை வரிசையாக அமுக்கணும். புதுசாக எதையும் கற்றுக்கொள்ள முடியாத நேரத்தில் இதைக் கொண்டுபோய் வைத்தால், பாதுகாப்பான அடுப்பு யாரும் தொடாத அடுப்பாகத்தான் நிற்கும்.

ஆக ரெண்டாவது விதி: வெளியே பழசு, உள்ளே புதுசு. கை தேடும் இடத்தில் திருகு இருக்கட்டும். திருகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கு என்று தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியட்டும். புத்திசாலித்தனமெல்லாம் திருகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கட்டும்.

திருகுக்குப் பின்னால்

இதற்கு நல்ல உதாரணம் அமீரகத்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. குக்கிங் ரேஞ்ச் வாங்கப் போனால் 'ஃபுல் சேஃப்டி' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எல்லா பர்னரிலும் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் அமைப்பு இருக்கு என்று அர்த்தம். அது வேலை செய்யும் விதம் அழகு. பர்னர் பக்கத்தில் ஒரு சின்ன உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், பெயர் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடத்தைச் சூடாக்கினால் கொஞ்சம் மின்சாரம் வரும், சில மில்லிவோல்ட்தான். அந்தத் துளி மின்சாரம் ஒரு காந்த வால்வைத் திறந்து பிடித்திருக்கும். பால் பொங்கித் தீ அணைந்தால் கம்பி ஆறும், மின்சாரம் நிற்கும், ஸ்பிரிங் வால்வை மூடும். பேட்டரிகூட வேண்டாம். பற்ற வைக்கும்போது திருகைச் சில நொடி அமுக்கிப் பிடிக்கச் சொல்வது இதற்குத்தான், கம்பி சூடாகணும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? எல்பிஜிக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமெடுக்கும் பொருளைக் கலக்கிறாங்க. அதாவது அந்தப் பாதுகாப்பு மனுஷன் மூக்கை நம்பி இருக்கு. அல்சைமரில் சீக்கிரமே மங்கும் புலன்களில் மோப்பமும் ஒன்று.

ஊரில் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் இரண்டு பர்னர் அடுப்பில் இந்த வசதி இருக்காது. சில ஹாப் மாடல்களில் உண்டு, கடையில் 'எஃப்.எஃப்.டி' என்று கேட்டால் காட்டுவாங்க.

ஆனால் ஒன்றைக் கவனிங்க. ஃபுல் சேஃப்டி தடுப்பது தீ இல்லாமல் கேஸ் வருவதை. தீ நன்றாக எரிந்து சட்டி கருகுவதை அது தடுக்காது, அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கு. அதற்கு ஜப்பானைப் பார்க்கணும். அங்கே 2008 அக்டோபரிலிருந்து வீட்டு கேஸ் அடுப்புகளின் எல்லா பர்னரிலும் சூடு உணரி கட்டாயம். பர்னரின் நடுவில் ஒரு சின்னப் பொத்தான் பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சூடு 250 டிகிரி அளவுக்குப் போனால் கேஸைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். சமையல் எண்ணெய் தானாகத் தீப்பிடிக்க சுமார் 370 டிகிரி வேணும், அதற்கு நிறைய முன்னாடியே அடுப்பு நின்றுவிடும். நார்வேயில் 2010-லிருந்து புது வீடுகளின் மின் இணைப்பு விதிகளிலேயே அடுப்புக் காவலன் ஒன்று சேர்ந்துவிட்டது. அடுப்புக்கு மேலே பொருத்திய உணரி, சூடு அபாயமாக ஏறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும்.

இரண்டு நாட்டிலும் இது நோயாளிகளுக்கான தனிச் சாதனம் கிடையாது. எல்லார் வீட்டு அடுப்பும் அப்படித்தான். அதனால் யாரும் அம்மாவிடம் போய் "உனக்கு மறதி, அதனால் இந்த அடுப்பு" என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த விஷயம்.

அமீரகத்தில் வில்லாக்களுக்கு ஹஸ்ஸன்துக் என்ற திட்டம் இருக்கு. புகை உணரி அடித்தால் சிவில் டிஃபென்ஸ் வரை தகவல் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது புகை வந்த பிறகு. அடுப்பு உணரி புகைக்கு முன்னாடி. ரெண்டுமே வேணும்.

கேமரா இல்லாமல் கவனிப்பது

இப்போ தூரத்துப் பிரச்சினை. அவங்க ஊரில், நாம் இங்கே. உடனே தோன்றும் யோசனை சமையலறையில் கேமரா மாட்டுவது. அதற்கு முன்னாடி ஒரு பிளாஸ்க் கம்பெனியின் கதையைக் கேளுங்க.

1996-இல் டோக்கியோவின் இக்கேபுகுரோவில் ஒரு வயதான அம்மாவும் நோயாளி மகனும் வீட்டுக்குள் இறந்துகிடந்தது நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. பக்கத்தில் ஆள் இருந்தும் யாருக்கும் தெரியவில்லை என்பது ஜப்பானை உலுக்கியது. அதன் தொடர்ச்சியாக ஜோஜிருஷி, தமிழில் சொன்னால் யானை மார்க் கம்பெனி, 2001-இல் ஒரு மின்சார வெந்நீர்ப் பானையைக் கொண்டுவந்தது. பெயர் ஐ-பாட். ஆப்பிளின் ஐபாட் அதே வருஷம் அக்டோபரில்தான் அறிவிக்கப்பட்டது, பானைதான் சீனியர்! ஜப்பானிய வீட்டில் காலையில் எழுந்ததும் டீக்கு வெந்நீர் பிடிப்பாங்க. பிடித்தால் பானை குறித்துக்கொள்ளும். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஈமெயில் போகும்: அம்மா இன்னிக்கு டீ போட்டாங்க.

அவ்வளவுதான் தகவல். என்ன உடை, யாரோடு பேசினாங்க, எத்தனை தடவை தடுமாறினாங்க, எதுவும் போகாது. நலமா என்ற கேள்விக்குப் போதுமான பதில் மட்டும் போகிறது.

இதை நாமே செய்யலாம். மின்சாரச் செலவைக் காட்டும் ஸ்மார்ட் பிளக் ஒன்றை அவங்க தினமும் போடும் டிவியிலோ ரேடியோவிலோ மாட்டுங்க. காலை ஒன்பதுக்குள் ஓடவில்லை என்றால் உங்க ஃபோனுக்குத் தகவல் வரட்டும். ரெண்டு எச்சரிக்கை. சூடாக்கும் சாதனங்களில் மாட்டாதீங்க. கரண்ட் போய் வந்தால் பிளக் 'ஆன்' ஆகும்படி இருக்கா என்று செட்டிங்ஸில் பாருங்க. ரெண்டாவது, அவங்களிடம் சொல்லிவிட்டு மாட்டுங்க. "நீங்க டிவி போட்டா எனக்குத் தெரியும்மா" என்று சொன்னால் பெரும்பாலும் சிரிப்பாங்க. புரிந்து சரி சொல்லக்கூடிய காலத்திலேயே கேட்பதுதான் மரியாதை.

எப்போ மாற்றுவது?

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேருகிறது. கை பழகினால்தான் பயன். பழக நாள் வேணும். அதனால் மாற்ற வேண்டிய நேரம் நோய் வந்த பிறகு இல்லை, அவங்க ஊரில் புதுச் சமையலறை அமைக்கும் அன்றைக்கு. 60 வயதில் பழகிய அடுப்பு 75 வயதில் கைக்குத் தெரியும்.

வாங்கும்போது இந்த ஐந்தையும் கேளுங்க:

1. நான் மறந்தால் இது தானாக நிற்குமா?
2. எரிகிறதா இல்லையா என்று அறை வாசலிலிருந்து தெரியுமா?
3. பழைய சாதனம் மாதிரியே தொடங்க முடியுமா, அல்லது மெனு வழியாகப் போகணுமா?
4. தப்பாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? சாப்பாடு கெடுமா, வீடு கெடுமா?
5. கரண்ட் போய் வந்தால் எந்த நிலையில் நிற்கும்?

நோய் முற்றிய பிறகு அடுப்பையே அடைக்க வேண்டிய நாளும் வரும், அதை மறைக்க வேண்டாம். இங்கே எலக்ட்ரிக் ஹாப் உள்ள ஃப்ளாட் என்றால் சுவரில் சிவப்பு விளக்கோடு ஒரு பெரிய குக்கர் சுவிட்ச் இருக்கும், அதை அணைத்து வைக்கலாம். ஊரில் என்றால் சிலிண்டர் ரெகுலேட்டர். ஆனால் அடுப்பை எடுத்துக்கொண்டால் பதிலுக்கு ஒன்றைக் கொடுக்கணும். ஆச்சிக்கு அம்மா தினமும் ஒரு முறம் கீரையோ, உரிக்கப் பூண்டோ கொடுப்பாங்க. ரைஸ் குக்கரின் நெம்பை அமுக்குவது கடைசி வரை ஆச்சி வேலை. அமுக்கிவிட்டு "உலை வச்சாச்சு" என்று ஹாலில் வந்து சொல்லுவாங்க. அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறவர் என்ற இடம் அவங்களிடமே இருந்தது. இந்த வடிவமைப்பெல்லாம் தீ விபத்தைத் தடுக்க மட்டும் இல்லை, அந்த இடத்தைக் காப்பாற்றவும்தான்.

உதவி தேவைப்பட்டால், சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பின் டெம்கேர்ஸ் பிரிவு டிமென்ஷியா குடும்பங்களோடு வேலை செய்கிறது. 1992-இல் கேரளாவில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்புக்கு இந்தியாவில் பல ஊர்களில் கிளைகள் உண்டு. மறதி என்று தோன்றினால் முதலில் டாக்டர், பிறகு அடுப்பு.

இந்த வார ஹோம்வொர்க்: வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு போன் போடும்போது, வீட்டில் என்ன அடுப்பு, பர்னர் பக்கத்தில் சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கா என்று கேளுங்க. பக்கத்தில் இருப்பவங்க நேரிலேயே பாருங்க. அப்படியே ஒரு நாள் முழுக்க அவங்க சமைப்பதைக் கவனித்து, அவங்க மண்டையில் மட்டும் இருக்கும் கவுன்ட்டர்கள் எத்தனை என்று எண்ணி எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அந்தப் பட்டியலை வைத்துப் பேசுவோம்.